சாகும் தறுவாயில் ஒரு ஜெபம்: கிருபை என்றால் அவ்வளவுதானா?

ஜெபா_வெள்ளவத்தை:
பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் நடந்த அடக்க ஆராதனைக்குப் போய் வந்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இறந்தவர் ஆயுள் முழுக்கக் குடித்தவர். மனைவியின் தாலிக்கொடியைக்கூடச் செட்டியார் தெருவில் அடகு வைத்தவர். ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் ஒரு போதகர் போய் ஜெபித்திருக்கிறார், இவரும் இயேசுவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதே போதகர்தான் பிரசங்கம். எபேசியர் 2:8 ஐ வாசித்தார்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." அதனால் ஐயா இப்போது பரலோகத்தில் இருக்கிறார், சந்தேகமே வேண்டாம் என்றார்.

முன்வரிசையில் அந்த மனைவி. மடியில் கைப்பை, அதற்குள் அடகுத்துண்டு. வட்டி கட்டக் கூடப் போகிறவள் நான் என்பதால் தெரியும். மனுசன் போதகரிடம் ஜெபம் சொன்னார், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பெண்சாதியிடம் ஒரு வார்த்தை "மன்னித்துக்கொள்" என்று சொல்லவில்லை.

நான் மெதடிஸ்ட். கிருபையை மறுக்கவில்லை. ஆனால் கடவுளோடு மட்டும் கணக்கை முடித்தால் போதுமா?

சாம்_முகத்துவாரம்:
போதும் அக்கா. கேட்க கசப்பாக இருந்தாலும் போதும். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்டான்? யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான்? ஞானஸ்நானம்கூட எடுக்கவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று ஆண்டவர் சொல்லிவிட்டார், லூக்கா 23:43. அந்த ஐயாவுக்குப் போதாது என்றால் எனக்கும் போதாது, உங்களுக்கும் போதாது. எபேசியர் 2:9 ஐயும் வாசியுங்கள். ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல.

கொட்டாஞ்சேனையான்:
9 வரைக்கும் வாசித்த தம்பி 10 க்கு ஏன் போகவில்லை? நற்கிரியைகளைச் செய்வதற்கு நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அடுத்த வசனமே சொல்கிறது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடுவது உங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம்.

கள்ளனைப் பற்றி. அவனுக்குக் கையும் காலும் ஆணியில், நேரமும் இல்லை. ஆனால் இருந்த நேரத்தில் செய்யக்கூடியதைச் செய்தான். மற்றக் கள்ளனைக் கடிந்தான், "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். ஜெபா பிள்ளை கேட்பதும் அவ்வளவுதானே? வாய் பேச வந்தது, மனைவி பக்கத்தில் நின்றார். ஏன் சொல்லவில்லை?

சாம்_முகத்துவாரம்:
அண்ணா, கோபிக்காதீர்கள். பாவசங்கீர்த்தனம், நவநாள், நேர்த்திக்கடன் என்று கடவுளோடு கொடுக்கல் வாங்கல் நடத்துகிற கத்தோலிக்கர் கிருபையைப் பற்றிப் பாடம் எடுப்பது வேடிக்கைதான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். "விசா கிடைத்தால் இத்தனை மெழுகுதிரி" என்று பேரம் நடக்கிறது. 1517 இல் லூத்தர் கேட்டதும் இதைத்தான், பாவமன்னிப்பைக் காசுக்கு விற்கலாமா என்று.

கொட்டாஞ்சேனையான்:
நேர்த்திக்கடன் வைக்கிற சனம் எல்லாம் இறையியல் படித்துவிட்டு வருவதில்லை. பயத்தோடு வருகிறார்கள், தெரிந்த முறையில் கேட்கிறார்கள். உங்கள் கூட்டங்களில் "காணிக்கை கொடு, இரட்டிப்பாக வரும்" என்று கேட்டதே இல்லையா?

சரி, படிப்பினைக்கு வருவோம். மனிதன் சொந்த முயற்சியால் நல்லவனாகி மோட்சம் போகலாம் என்று பெலாஜியுஸ் படிப்பித்தபோது அதை எதிர்த்து நின்றவர் அகுஸ்தீனார். 418 இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் சங்கம் அதைக் கண்டித்தது. விசுவாசத்தின் தொடக்கமே அருள்தான் என்று 529 இல் ஒறாஞ்சு சங்கம் சொன்னது. லூத்தருக்குப் பதில் சொல்ல எங்கள் சபை கூட்டிய திரெந்து சங்கம், 1547, நீதிமானாக்கப்படுதல், அதாவது பாவி கடவுள் முன் நீதிமானாவது, பற்றிய ஆணை: அதற்கு முன் வருகிற எதுவும், விசுவாசமோ செயலோ, அந்த அருளைச் சம்பாதிக்காது. இது எங்கள் புத்தகத்தில் இருப்பது. 1999 ஒக்டோபர் 31 இல், லூத்தரன்களும் நாங்களும் ஜெர்மனியின் அவுக்ஸ்புர்க்கில் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டோம். 2006 இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள்.

சாம்_முகத்துவாரம்:
நான் பப்டிஸ்ட், நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. அதே திரெந்து ஆணையின் 9 ஆம் விதி, விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாகிறோம் என்கிறவனைச் சபிக்கிறது. அதையும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

கொட்டாஞ்சேனையான்:
அந்த விதியை முழுக்க வாசியுங்கள் தம்பி. மனிதனின் சம்மதமும் ஆயத்தமும் தேவையே இல்லை என்ற பொருளில் சொல்கிறவனைத்தான் அது கண்டிக்கிறது.

குமரன்_பம்பலப்பிட்டி:
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். கொச்சிக்கடையில் மெழுகுதிரி கொளுத்துகிற ஆட்களில் நானும் ஒருவன், சைவன். பேரம் பேசுவதில்லை, சும்மா நின்றுவிட்டு வருவேன்.

நீங்கள் அடிபடுகிற இதே விசயத்தில் வைணவர்கள் எப்போதோ இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், விட்டால் விழும். பூனைக்குட்டியைத் தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்யாது. வடகலை குரங்கு, தென்கலை பூனை. சாம் தம்பி சுத்தத் தென்கலை. எங்கள் மாணிக்கவாசகரும் "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்றார், வணங்குவதற்கே அவன் அருள் வேண்டும். ஆகவே இலவசம் என்பதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. இலவசமாக வந்தது ஆளை மாற்றவில்லை என்றால் வந்ததா என்பதுதான் என் சந்தேகம்.

ஜெபா_வெள்ளவத்தை:
குமரன் அண்ணா பிடித்த இடம் சரி. லூக்கா 19, சகேயு. வரி தண்டி ஊரை ஏய்த்த மனுசன். "ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று அவன் சொன்ன பிறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார் இயேசு.

நாலத்தனை வேண்டாம். தாலிக்கொடியை மீட்க வழியில்லாவிட்டாலும், எடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கலாம்.

சாம்_முகத்துவாரம்:
வரிசையைக் கவனியுங்கள் அக்கா. இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறி இருந்தவனை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார்? "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றது 5 ஆம் வசனம், சகேயு காசைப் பற்றிப் பேசுவது 8 ஆம் வசனம். அவன் ஒரு சதமும் கொடுக்காதபோதே அவர் அவனோடு சாப்பிடப் புறப்பட்டுவிட்டார். ஊர் முறுமுறுத்தது அதற்குத்தான். அன்பு முதலில், மாற்றம் பிறகு. மாற்றத்துக்கு நேரம் கிடைக்காமல் ஒருவன் செத்தால் அன்பு பொய்யாகிவிடுமா? "அநாதி சிநேகத்தால் உன்னைச் சிநேகித்தேன்" என்று எரேமியா 31:3 இல் சொன்னது சொந்த நாட்டை நாசமாக்கிக்கொண்ட சனத்துக்கு, நல்ல பிள்ளைகளுக்கு இல்லை.

ஜெபா_வெள்ளவத்தை:
அழகாகச் சொன்னீர்கள் தம்பி, எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியும் தலையாட்டியிருப்பார். 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டுத்தான் தன் உள்ளம் அனல் கொண்டது என்று எழுதியவர் அவர். ஆனால் கிருபையைப் பெற்றவன் அதை இழக்கவும் முடியும் என்றார். மத்தேயு 18 ஐப் பாருங்கள். பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன் வெளியே வந்து, நூறு வெள்ளிப் பணத்துக்காகத் தன் உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்தான். ராஜா மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இயேசு சொன்ன கதை இது, திரெந்து சங்கம் சொன்னதில்லை.

சாம்_முகத்துவாரம்:
தம் ஆடுகளைப் பற்றி, என் கையிலிருந்து ஒருவனும் அவைகளைப் பறித்துக்கொள்வதில்லை என்று யோவான் 10:28 இல் சொன்னவரும் இயேசுதான். மரணமோ ஜீவனோ தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்பது ரோமர் 8. விழுந்துபோகிறவன் முதலிலேயே உண்மையாக விசுவாசிக்கவில்லை. 1 யோவான் 2:19: நம்மைவிட்டுப் பிரிந்தார்கள், ஆகிலும் அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை.

ஜெபா_வெள்ளவத்தை:
அப்படியென்றால் உங்கள் நிச்சயம் எங்கே போனது? விழுந்தவன் முதலிலேயே விசுவாசி இல்லை என்றால், நாளைக்கு நீங்கள் விழ மாட்டீர்கள் என்பதற்கு இன்றைக்கு என்ன ஆதாரம்? கடைசி மூச்சு வரைக்கும் யாருக்கும் தெரியாது. நாங்கள் "இழக்கலாம்" என்கிறோம், நீங்கள் "இருக்கவே இல்லை" என்கிறீர்கள். இரவு படுக்கைக்குப் போகிறவனுக்கு இரண்டும் ஒரே பயம்தான். அந்தப் போதகர் மட்டும் சந்தேகமே இல்லை என்று எதை வைத்துச் சொன்னார்?

சாம்_முகத்துவாரம்:
வாக்குத்தத்தத்தை வைத்து. நான் என் விசுவாசத்தின் அளவைப் பார்த்துத் தூங்கவில்லை அக்கா, அவர் சொன்ன சொல்லைப் பார்த்துத் தூங்குகிறேன்.

இறந்த ஐயாவின் முடிவைப் போதகர் மேடையில் அறிவித்தது அதிகம்தான், அதில் உங்களோடு நிற்கிறேன். நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

கொட்டாஞ்சேனையான்:
தம்பியும் திரெந்துக்குக் கிட்ட வருகிறார்! விசேட வெளிப்பாடு இல்லாமல், முடிவுவரை நிலைத்திருப்பேன் என்று ஒருவனும் அறுதியாகச் சொல்ல முடியாது என்பது அங்கே 16 ஆம் விதி.

1431 இல் ஜோன் ஒவ் ஆர்க்கை விசாரித்தவர்கள், "நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா?" என்று கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் ஒப்புதல் வாக்குமூலம். "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் கடவுள் என்னை அதில் வைத்திருப்பாராக" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத பெண். செத்தவீட்டில் பிரசங்கிக்கிறவர்களுக்கு இந்தப் பதிலைப் பாடமாக்கிக் கொடுக்கலாம்.

குமரன்_பம்பலப்பிட்டி:
வெளியாள் என்ற உரிமையில் ஒரு கேள்வி. எல்லாம் அவன் கொடுப்பது, மனிதனால் சம்பாதிக்க முடியாது, இதில் மூன்று பேரும் ஒன்று. அப்படியானால் ஏன் எல்லாருக்கும் கொடுக்கவில்லை? அந்த ஐயாவுக்குக் கடைசி நாளில் கிடைத்தது, அவருடைய மனைவியின் வாழ்நாளில் ஒரு நாள் முந்தியே கொடுத்திருந்தால் என்ன?

ஜெபா_வெள்ளவத்தை:
எல்லாருக்கும் கொடுக்கிறார், நாம் கேட்க முன்னமே, நினைக்க முன்னமே. முந்தி வருகிற கிருபை என்று வெஸ்லி படிப்பித்தது அதைத்தான். மறுக்கிற சுதந்திரமும் அதோடு வருகிறது. அந்த ஐயா நெடுங்காலம் மறுத்தார், அதற்குரிய விலையை அவருடைய மனைவி கட்டினார். இதற்கு மேல் ஆறுதலான பதில் என்னிடம் இல்லை.

கொட்டாஞ்சேனையான்:
1 திமொத்தேயு 2:4, எல்லா மனிதரும் மீட்புப் பெற வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஜெபா பிள்ளை சொன்னதோடு நிற்கிறேன்.

சாம்_முகத்துவாரம்:
மறுக்கிற மனதையே மாற்றக் கூடியவர் சிலரில் மாற்றுகிறார், சிலரில் இல்லை. ஏன் என்பது 1618-19 இல் ஒல்லாந்தின் சீர்திருத்தச் சபை கூட்டிய டோர்ட் சங்கத்திலேயே பெரிய சண்டை. புறக்கோட்டைப் பக்கம் வுல்வெண்டால் ஆலயத்தைக் கட்டின ஒல்லாந்தர் அந்தச் சங்கத்தின் பிள்ளைகள்தான். இங்கே ஒருவரும் ரோமர் 9 ஐத் தொடவில்லை, யாக்கோபும் ஏசாவும் பிறக்க முன்னமே தெரிவு நடந்தது என்கிற இடம். குமரன் அண்ணாவின் கேள்விக்கு அங்கேதான் போக வேண்டும். தனி இழை தொடங்குகிறேன், அக்காவும் அண்ணாவும் வாருங்கள்.