தினமும் ஓட்டும் காரில் கால் மைல் டிராக் பந்தயம்: இறங்கலாமா, கூடாதா?

நேர்பாதை:

வீட்டுக் காரை டிராக் (drag) பந்தயத்துக்கு, அதாவது நின்ற நிலையிலிருந்து நேர்கோட்டில் இரண்டிரண்டு கார்களாக ஓடும் போட்டிக்கு, கொண்டுபோவது காரையும் கெடுக்கும், ஓட்டுபவரையும் கெடுக்கும் என்று வேறோர் இழையில் பட்டறைக்காரர் எழுதியிருந்தார். அங்கேயே மறுத்தால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

பொதுச் சாலையில் நள்ளிரவில் நடப்பதைப் பற்றி நான் பேசவில்லை. அதை எந்த வகையிலும் ஆதரிக்க முடியாது. நேரத்தை அளக்கும் கருவிகளும், தீயணைப்பு மற்றும் ஆம்புலன்ஸ் ஏற்பாடுகளும் உள்ள மூடிய ஓடுபாதையில், பொதுமக்கள் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க ஒதுக்கப்படும் நாள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். சில இடங்களில் அதில் பாதி. சாதாரணக் குடும்பக் கார் அந்தத் தூரத்தை 16 முதல் 18 விநாடிகளில் கடந்து, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் முடிக்கும்.

இரு கார்களும் ஒன்றாகப் புறப்பட்டு, வேகமானது வெல்லும் என்றே வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். தொடக்கநிலையினர் பெரும்பாலும் ஓடும் முறை வேறு. தம் கார் எத்தனை விநாடியில் கடக்கும் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிவித்துக் காரின் கண்ணாடியில் எழுதிவிடுகிறார்கள். ஒருவர் 17.20 என்றும் மற்றவர் 14.80 என்றும் எழுதியிருந்தால், மெதுவான காருக்குப் பச்சை விளக்கு 2.40 விநாடி முன்னதாகவே எரியும். எல்லைக்கோட்டை முதலில் தொட்டாலும், அறிவித்த நேரத்தைவிட விரைவாக ஓடியிருந்தால் தோல்விதான். இருவருமே மீறியிருந்தால் குறைவாக மீறியவர் வெல்வார். ஆகவே பழைய சிறிய கார் வைத்திருப்பவர், விலையுயர்ந்த கார் வைத்திருப்பவரை முறையாக வெல்ல முடியும். ஒரே காரை ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப ஓட்டும் திறமைக்கு இதைவிட நேர்மையான தேர்வை நான் அறியேன்.

பட்டறைக்காரர்:

விதிகள் நல்லவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 402 மீட்டரில் கார் படும் பாட்டில் பெரும்பகுதி முதல் 20 மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. என் கவலை அந்த 20 மீட்டரைப் பற்றியது.

ஓட்டுநரோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள, கையால் கியர் மாற்றும் காரை எடுத்துக்கொள்வோம். சாலையில் பொறுமையாகப் புறப்படும்போது மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்குள் கிளட்ச் முழுமையாகப் பிடித்துவிடும். அதற்குள் உராய்வில் வெப்பமாக மாறும் ஆற்றல் ஏறத்தாழ 8 கிலோஜூல். அதே காரை இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் இருக்கும்போது கிளட்சை விட்டுப் புறப்பட்டால், முதல் கியரில் முழுமையாகப் பிடிக்கும் நேரத்தில் வேகம் 30 கிலோமீட்டரை நெருங்கியிருக்கும். வெப்பம் வேகத்தின் வர்க்கத்தோடு உயர்வதால் அது 49 கிலோஜூல் ஆகிறது. ஆறு மடங்கு, அதுவும் ஓரிரு விநாடிகளுக்குள். பிறகு அடுத்த ஓட்டத்துக்காக வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து நகரும்போது, ஆற வேண்டிய கிளட்ச் மேலும் சூடாகிறது.

இப்படி ஓட்டப்பட்ட கார்களின் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறத்தில் மினுங்க வேண்டிய ஃப்ளைவீலின், அதாவது கிளட்ச் பற்றிக்கொள்ளும் இன்ஜின் சக்கரத்தின், முகம் நீலமும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் மயிரிழை விரிசல்கள் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடியிருக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்து ரிவெட்டின் தலை தெரியும். முன்சக்கரங்கள் வழுக்கிப் பிடித்து, மறுபடி வழுக்கிப் பிடித்துத் துள்ளும்போது சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகளும், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளும் வாங்கும் அடி வேறு கணக்கு.

இதற்கான செலவை யார் ஏற்பார்கள்? பெரும்பாலான வாகனக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கின்றன. போட்டிப் பயன்பாட்டால் வரும் சேதத்தை உற்பத்தியாளரின் உத்தரவாதமும் பொதுவாக ஏற்பதில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய கார் அது.

நேர்பாதை:

உங்கள் கணக்கு சரி. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 4,000 சுற்றில் புறப்பட வேண்டிய தேவை என்ன?

புறப்படும்போது எடை பின்னோக்கி நகர்கிறது. உங்கள் 1,400 கிலோ காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்திலும், முன்பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2.6 மீட்டராகவும் இருந்தால், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு வேகமெடுக்கும்போது ஏறத்தாழ 118 கிலோ சுமை முன்சக்கரங்களைவிட்டுப் பின்னால் போய்விடும். எந்தச் சக்கரங்கள் இழுக்க வேண்டுமோ, அவையே பிடிமானத்தை இழக்கின்றன. அதனால் சாதாரண டயர் போட்ட முன்சக்கர இயக்கக் காரில் 4,000 சுற்றில் விட்டால் புகையும் சத்தமும் வருமே தவிர, நேரம் குறையாது. 2,000 சுற்றில் நிதானமாக விட்டால் 15 கிலோமீட்டர் வேகத்திலேயே கிளட்ச் பிடித்துவிடும். உங்கள் சூத்திரப்படியே அது 12 கிலோஜூல்தான். நெரிசலான ஏற்றத்தில் காரை நகர்த்துபவர்கள் இதைவிடக் கொடுமையாகக் கிளட்சை நடத்துகிறார்கள்.

இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. மென்மையாகப் புறப்படுவதால் அரை விநாடி இழந்தாலும், அந்த அரை விநாடியைச் சேர்த்தே நான் என் நேரத்தை அறிவிக்கிறேன். காரை வதைக்காதவருக்கு இந்தப் போட்டியில் எந்தக் குறையும் இல்லை.

நீலவானம்:

இருவரும் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவிலேயே நிற்கிறீர்கள். புதிதாக வருபவர் தடுமாறுவது தொடக்கக் கோட்டில்தான். அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஏசியை அணைத்துவிட வேண்டும். அதிலிருந்து சொட்டும் தண்ணீர் தொடக்கக் கோட்டில் விழுந்தால், பின்னால் வருபவரின் சக்கரம் அதில்தான் வழுக்கும். பந்தய டயர்களைச் சுழற்றிச் சூடாக்குவதற்காக ஈரப்படுத்தி வைத்திருக்கும் இடத்தைச் சாதாரண டயர்காரர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும்; நம் டயரின் பள்ளங்கள் அந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டு கோடுவரை வரும்.

அடுத்தது, கோட்டருகே பாதையின் குறுக்கே செல்லும் இரண்டு ஒளிக்கற்றைகள். முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மறைக்கும்போது அதற்குரிய விளக்கு எரியும். முதலாவது நெருங்கிவிட்டீர்கள் என்று சொல்லும். இரண்டாவது கோட்டில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். இரண்டாவது விளக்கு எரிந்த கணமே நின்றுவிட்டால், சக்கரம் அந்த ஒளியைவிட்டு விலகும்வரை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஓட்டம் கடிகாரத்தில் சேராது. கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றால் அந்தச் சலுகை குறையும். ஒரே ஓட்டுநர், ஒரே கார், ஆனால் நேரம் மாறுகிறது என்று குழம்புபவர்கள் முதலில் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

பிறகு மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரியும், அதன்பின் பச்சை. பச்சையைப் பார்த்துப் புறப்படுபவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார். மூன்றாவது மஞ்சள் எரிந்ததுமே கால் அசைய வேண்டும். கண் பார்த்து, கால் அசைந்து, கார் அந்த ஒளியைவிட்டு விலகுவதற்குள் பச்சை வந்துவிடும். அவசரப்பட்டால் சிவப்பு விளக்கு, ஓட்டம் செல்லாது. இந்த எதிர்வினை நேரம், கார் தூரத்தைக் கடந்த நேரத்தில் சேராது. கையில் தரும் சீட்டில் இரண்டும் தனித்தனியாகவே அச்சாகியிருக்கும்.

டிக்கியில் உள்ள பொருள்களையும், பெடலுக்கு அடியில் நழுவக்கூடிய மிதியடியையும் எடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.யின் விதிகளில் 13.99 விநாடியோ அதைவிட விரைவாகவோ ஓடும் காருக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம். 17 விநாடிக் காராக இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இரவுப்பயணி:

நான் எதிர்ப்பது வேறு காரணத்துக்காக. பந்தயத்துக்கென்றே உள்ள காரை வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஓட்டி முடித்ததும் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள். அன்றாடக் காரில் அந்தப் பிரிவு கிடையாது. அதே இருக்கை, அதே பெடல், அதே கியர். விளக்கு மாறும் முன்பே கால் அசைய வேண்டும் என்று மாலை முழுவதும் உடலைப் பழக்கிவிட்டு, அரை மணி நேரத்தில் அதே காரில் ஊர்ச் சிக்னலில் வந்து நிற்கிறார்கள். நீலவானம் இவ்வளவு அக்கறையோடு கற்றுத்தரும் பழக்கமேதான் அங்கே ஆபத்தாகிறது. பாதசாரி கடந்து முடித்தாரா என்று பார்ப்பதற்கான இடைவெளியை அது தின்றுவிடும்.

மென்மையாகப் புறப்படுங்கள் என்ற அறிவுரையும் சீட்டைக் கையில் வாங்கும்வரைதான் நிற்கும். 17.20 என்று பார்த்தவர் 16.90 ஏன் வரக் கூடாது என்று நினைப்பது மனித இயல்பு. தேர்ந்த ஓட்டுநர்களுக்கே உயிராபத்து நேர்ந்த விளையாட்டு இது: 2008-ல் அமெரிக்க ஓட்டுநர் ஸ்காட் கலிட்டா ஓட்டத்தின்போது இறந்த பிறகுதான் மிக வேகமான உச்சப் பிரிவுகளின் தூரம் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது.

நேர்பாதை:

கலிட்டா ஓட்டிய வகைக் கார்கள் மணிக்கு 480 கிலோமீட்டரைத் தொடுபவை. அவற்றை நிறுத்தப் பாராசூட் வேண்டும். 130 கிலோமீட்டரில் முடிக்கும் காரை நல்ல பிரேக் 100 மீட்டருக்குள் நிறுத்திவிடும். ஆயினும் அந்த விபத்திலிருந்து நமக்கும் ஒரு பாடம் உண்டு: எல்லைக்கோட்டைத் தாண்டியபின் நிற்பதற்கான தடையற்ற தூரம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்த ஓடுபாதையிலும் இறங்கக் கூடாது.

சிக்னல் பழக்கம் பற்றிய உங்கள் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்த விளையாட்டின் வரலாறு எதிர்த்திசையில் நிற்கிறது. 1950-ல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமானத்தளத்தில் முறையான ஓட்டங்கள் தொடங்கின. 1951-ல் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பை நிறுவினார். சாலையில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த இளைஞர்களை விதிகளும் பரிசோதனையும் உள்ள இடத்துக்குக் கொண்டுவருவதே அன்றைய நோக்கம். போவதற்கு இடம் இல்லாதபோதுதான் அந்த ஆசை சாலையில் இறங்குகிறது.

இரவுப்பயணி:

ஏற்கெனவே சாலையில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தவர்களை உள்ளே அழைத்தது சரியே. இந்த ஆசையே இல்லாத, ஒழுங்காக அலுவலகம் போய்வரும் ஒருவரை நீங்கள் அழைக்கிறீர்கள் என்பதுதான் என் மறுப்பு. குறைந்தபட்சம் வீடு திரும்பும் பயணத்தில் வேறொருவர் காரை ஓட்டட்டும்.

நேர்பாதை:

அதை முழுமனதோடு ஏற்கிறேன். இனி யாரையாவது அழைத்தால் அந்த நிபந்தனையோடுதான் அழைப்பேன்.

பட்டறைக்காரர்:

2,000 சுற்று என்பதைக் கடைசி ஓட்டம்வரை கடைப்பிடிப்பவருக்கு என் கிளட்ச் வாதம் பொருந்தாது. அப்படிக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு என்பதே என் பட்டறை அனுபவம். வீட்டில் ஒரே ஒரு கார், அதுவும் உத்தரவாதக் காலத்துக்குள் இருப்பது என்றால், வேண்டாம் என்றுதான் இன்றும் சொல்வேன். மற்றவர்கள் போகும் முன் சக்கர நட்டுகள், டயரின் பக்கச்சுவர், பிரேக் எண்ணெய், பேட்டரியின் பிடிமானம் ஆகியவற்றைச் சோதியுங்கள். ஓட்டங்களுக்கு நடுவே பானெட்டைத் திறந்து வைத்து நன்றாக ஆறவிடுங்கள். ஓடும்போது எண்ணெய் கசிவதாகச் சந்தேகம் வந்தால் எல்லைக்கோட்டைப் பற்றி யோசிக்காமல் உடனே ஓரம்கட்டி நிறுத்துங்கள்; பாதையில் சிந்திய எண்ணெயின்மீது அடுத்து வேகமெடுக்கப்போவது வேறொருவரின் கார்.