எண்ணூர்க் காற்றில் ஓட்டிப் பழகியவன் சிம்னி பேங்க் ஏற முடியுமா?

தண்டையார்ப்பேட்டை தனிவழி

வணக்கம் மக்களே. ஆகஸ்டில் இங்கிலாந்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறேன். போன இடத்தில் மூன்று நாள் ஒதுக்கி, நார்த் யார்க் மூர்ஸ் என்ற மேட்டுநிலத்தில் பை கட்டிக்கொண்டு சைக்கிளில் சுற்ற ஆசை. மூர் என்றால் மரமே இல்லாத மொட்டை மேடு. ஹெதர் என்ற குட்டைச் செடிதான் கண்ணுக்கெட்டிய வரை. ஆகஸ்டில் அது பூத்து மலையே ஊதா நிறமாகிவிடும். தங்கப்போவது ரோஸ்டேல் அபி என்ற சின்ன கிராமம். பள்ளத்தாக்கின் அடியில் இருப்பதால் அங்கிருந்து கிளம்பினால் பெரும்பாலும் ஏற்றம்தான். அதில் சிம்னி பேங்க் என்ற ரோடு, மிகச் செங்குத்தான இடத்தில் மூன்றடிக்கு ஓரடி ஏறுகிறது. அதாவது 33 சதவீதம். மொத்த நீளம் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை.

நான் வாராவாரம் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு என்று நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போய் வருகிறவன். மலை என்று ஏறியதெல்லாம் பேசின் பிரிட்ஜ் மேம்பாலம்தான். சிரிக்காதீர்கள். இந்தப் பயிற்சி போதுமா?

எதிர்காற்று

தாராளமாகப் போதும் அண்ணே. மதியத்துக்கு மேல் பழவேற்காட்டிலிருந்து திரும்பிப் பாருங்கள். தென்கிழக்கிலிருந்து கடல்காற்று மூஞ்சியிலேயே அறையும். மணிக்கு 28 போகிறவன் 16-க்கு வந்துவிடுவான். அதை இரண்டு மணி நேரம் தாங்குகிற காலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம் எம்மாத்திரம்? திருவொற்றியூர்க்காரனுக்குக் காற்றுதான் மலை. நான் அப்படி ஓட்டித்தான் போன வருடம் ஏலகிரி ஏறினேன், பதினான்கு வளைவிலும் கால் ஊன்றவில்லை.

கொண்டை ஊசி

தம்பி சொல்வதைக் கேட்டுப் போய் அந்த ஊரில் அசிங்கப்படாதீர்கள் சார். காற்று வேறு, மலை வேறு. காற்றில் மூச்சு வாங்கினால் மெதுவாக மிதிக்கலாம், நிறுத்தலாம், ஒரு டீ குடிக்கலாம். சரிவில் மிதிப்பதை விட்டால் வண்டி பின்னால் உருளும்.

பெரம்பூரிலிருந்து நாங்கள் நான்கு பேர் மாதம் ஒரு தடவை ரயிலேறி மலைக்குப் போகிறோம். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி, கொல்லிமலையில் 70. கொல்லிமலையை ஒரு தடவை ஏறிவிடுங்கள். அப்புறம் எந்த நாட்டு மலையும் உங்களை ஒன்றும் செய்யாது. இங்கிலாந்து மூர் மொத்தமே 454 மீட்டர் உயரம்தான். ஏற்காடு 1,500. கணக்கு புரிகிறதா?

எதிர்காற்று

டீ குடிக்கலாமா? எண்ணூர் ரோட்டில் பின்னால் கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும்போது நிறுத்தி டீ குடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

மின்ட் ஸ்பேனர்

இரண்டு பேருமே தப்பாகக் கணக்குப் போடுகிறீர்கள். உயரத்தை வைத்துப் பேசுகிறார் பெரம்பூர்க்காரர், மூச்சை வைத்துப் பேசுகிறார் திருவொற்றியூர்க்காரர். இங்கே பிரச்சினை சரிவு.

நம் மலைப்பாதைகள் பஸ்ஸும் லாரியும் ஏறுவதற்காகப் போட்டவை. அதனால்தான் அத்தனை கொண்டை ஊசி. ரோட்டை வளைத்து வளைத்து நீட்டிச் சரிவைக் குறைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து, ஆறு, ஏழு சதவீதம். கொல்லிமலையில் எழுபது வளைவு இருக்கிறது என்றால் அந்த எழுபதும் உங்களுக்குச் செய்த உதவி. யார்க்‌ஷயர் கிராமத்து ரோடுகள் அப்படி இல்லை. பல இடங்களில் பழைய பாதை மேலேயே தார் ஊற்றியது போல நேராக மேட்டில் ஏறிவிடும். மேம்பாலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது சுமார் முப்பதடிக்கு ஓரடி. சிம்னி பேங்கின் செங்குத்தான இடம் அதைப்போல் பத்து மடங்கு.

ஆள், சைக்கிள், பை மூன்றும் சேர்த்து 95 கிலோ என்று வைப்போம். ஆறு சதவீத ஏற்றத்தில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் போக, ஏற்றத்துக்கு மட்டும் 155 வாட் போதும். ஒழுங்காக ஓட்டுகிற யாரும் தருவார்கள். 33 சதவீதத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் ஊர்வதற்கே 400 வாட். தனிவழி சார், உங்கள் வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் பெரியதில் எத்தனை பல்?

தண்டையார்ப்பேட்டை தனிவழி

முன்னால் 34, பின்னால் 28. எண்ணூர் ரோட்டில் அந்த 28-ஐத் தொட்டதே இல்லை.

மின்ட் ஸ்பேனர்

அதுதான் சொல்ல வந்தேன். 34-க்கு 28-இல் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் போகும். அந்தச் சரிவில் அதற்குக் கிட்டத்தட்ட 745 வாட் வேண்டும், அதாவது ஒரு குதிரைத்திறன். நீங்கள் குதிரையா? சுற்றைக் குறைத்தால் 33 சுற்றில் ஐந்து கிலோமீட்டர் வேகம், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் கத்தும். கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, 36 பல் உள்ளதாக மாற்றுங்கள், செயினைப் பல் விட்டுப் பல் மாற்றும் பின் டெரெய்லரும் நீளக் கூண்டு உள்ளதாக மாற வேண்டியிருக்கும். முடிந்தால் முன்னால் 26. அப்போது ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் 55 சுற்று வரும். வாட் குறையாது, ஆனால் கால் உடையாது.

இன்னொன்று, எல்லா மூட்டையையும் பின் கேரியரில் கட்டாதீர்கள். அவ்வளவு செங்குத்தில் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். எழுந்து நின்று மிதித்தால் ஈர ரோட்டில் பின்சக்கரம் சறுக்கும். சீட்டின் முன்நுனியில் உட்கார்ந்து, உடம்பை ஹேண்டில்பார் மேல் சாய்த்து மிதிக்க வேண்டும்.

பழைய ஹெர்குலிஸ்

குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். எனக்கு 63 வயது, ராயபுரம். மூட்டை கட்டிய சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு போவது எங்கள் காலத்தில் அவமானம் இல்லை. இறங்கித் தள்ளினால் என்ன குடி முழுகிவிடும்? ஒன்றரை கிலோமீட்டர்தானே, அரை மணி நேரம். சுற்றிப் பார்க்கப் போகிறாரா, பந்தயத்துக்குப் போகிறாரா?

கொண்டை ஊசி

ஐயா, தள்ளுவதற்கு அவ்வளவு தூரம் ஃபிளைட்டில் போக வேண்டுமா?

பழைய ஹெர்குலிஸ்

ஊதாப் பூ பார்க்கப் போகிறார் என்று அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் வாட் பார்க்கிறீர்கள்.

வியாசர்பாடி வீலு

பெரியவர் பக்கம் நான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது அந்தப் பக்கம் மூன்று நாள் ஓட்டியிருக்கிறேன். சிம்னி பேங்கையே சுற்றிப் பேசுகிறீர்கள், அது மொத்தப் பயணத்தில் அரை மணி நேரம். முதல் நாள் எஸ்க் பள்ளத்தாக்கு ரயிலில் சைக்கிளை ஏற்றி காசில்டன் மூர் ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து ரால்ஃப் கிராஸ் என்ற கல் சிலுவை வரை நீளமான ஏற்றம். அந்தச் சிலுவைதான் நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவின் சின்னம். பக்கத்திலேயே ரோஸ்டேலுக்கு இறங்கும் ரோடு பிரியும். மறுநாள் சிம்னி பேங்க் ஏறி, ஹட்டன் லெ ஹோல் கிராமம், அங்கிருந்து பிளேக்கி மேட்டு ரோடு வழியாகத் திரும்ப ரால்ஃப் கிராஸ், பிறகு ரோஸ்டேல்.

சுற்றைத் தலைகீழாக ஓட்ட வேண்டாம். சிம்னி பேங்கை ஏறத் தெரியாமல் போனால் தள்ளலாம், இறங்கத் தெரியாமல் போனால் ஆஸ்பத்திரி. நான் இறங்கினேன். முட்டிக்கால் தோல் இன்னும் அந்த வளைவில்தான் இருக்கிறது. பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வந்தது என் தப்பு.

மேலே ரோட்டுக்கு வேலி கிடையாது, ஆடு நடு ரோட்டில் படுத்திருக்கும். நம்மூர் மாடு பழகியவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. இடதுபக்கம் ஓட்டுவதும் நம்மைப் போலவேதான்.

எதிர்காற்று

அந்தப் பிளேக்கி மேட்டில் காற்று எப்படி அண்ணே?

வியாசர்பாடி வீலு

நல்ல கேள்வி. மரமில்லாத மொட்டை மேடு, நானூறு மீட்டர் உயரம், மறைவு ஒன்றுமே கிடையாது. பக்கவாட்டில் அடித்ததில் வண்டியை ரோட்டில் வைத்திருப்பதே வேலையாகிவிட்டது. கிழக்கே கடலிலிருந்து சில நாள் குளிர்ந்த மூடுபனி வேறு ஏறி வரும். ஆகஸ்ட் என்று நம்பி ஜெர்க்கின் இல்லாமல் போய் நடுங்கினேன். அந்த மேட்டில் மட்டும் பழவேற்காட்டு ரோடு எனக்குக் கை கொடுத்தது, மறைக்க மாட்டேன்.

எதிர்காற்று

பெரம்பூர் அன்பர்கள் கவனத்துக்கு.

கொண்டை ஊசி

சரி சரி, காற்றுக்கு ஒரு மார்க். ஆனால் இவர் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தானே காற்று வாங்குவது?

மின்ட் ஸ்பேனர்

போய்ச் சேர வழி சொல்கிறேன். மலைக்குப் போக லீவு இல்லை என்றால் அந்த எதிர்காற்றையே வேறு மாதிரி பயன்படுத்துங்கள். கனமான கியர் போட்டு, நிமிடத்துக்கு 45 சுற்றுக்கு மேல் போகாமல், உட்கார்ந்தபடியே மூன்று நிமிடம். பிறகு லேசான கியரில் மூன்று நிமிடம். இப்படி ஆறு தடவை. வேகமாக மிதித்தால் மூச்சு பழகும், கனமாக மிதித்தால்தான் கால் பழகும். முழங்கால் வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். கொல்லிமலைக்கும் ஒரு தடவை போய் வாருங்கள், ஏற்றத்துக்காக அல்ல, இறக்கத்துக்காக. பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் பழக்கம் மேம்பாலத்தில் வராது.

பழைய ஹெர்குலிஸ்

ரோஸ்டேலில் பழைய இரும்புச் சுரங்க ரயில் பாதை ஒன்று இருக்கிறது என்று படித்திருக்கிறேன். 1861-இல் திறந்து 1929-இல் மூடியது. தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி ஏறக்குறைய மட்டமாகப் போகும், இப்போது ஜனங்கள் நடக்கிறார்கள். சிம்னி பேங்க் என்ற பேரே அந்தச் சுரங்கத்தின் புகைபோக்கியால் வந்தது, அதை 1972-இல் இடித்துவிட்டார்கள். ஒரு சாயங்காலம் சைக்கிளை ரூமில் வைத்துவிட்டு அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். வாட் கேட்காது.

தண்டையார்ப்பேட்டை தனிவழி

எல்லோருக்கும் நன்றி. 36 பல் கேசட்டும் நீளக் கூண்டு டெரெய்லரும் வாங்கப் போகிறேன், முன்னால் இருக்கும் பல்சக்கரத்தை மாற்றப் பட்ஜெட் இல்லை. அடுத்த மாதம் பெரம்பூர் கோஷ்டியோடு கொல்லிமலை. வர ஞாயிற்றுக்கிழமை மதியம் பழவேற்காட்டிலிருந்து திரும்பும்போது அந்த ஆறு தடவைப் பயிற்சி. சிம்னி பேங்கில் பாதியில் இறங்கித் தள்ளினால் அதையும் இங்கே எழுதுவேன், கொண்டை ஊசி சார் சிரித்துக்கொள்ளலாம்.

எதிர்காற்று

அண்ணே, கழற்றுகிற அந்த 28 பல் கேசட்டை என்ன செய்யப் போகிறீர்கள்? தொட்டதே இல்லை என்று சொன்னீர்களே, புதுசாகத்தான் இருக்கும்.