சிம்ப்சன் பாலைவனத்தில் ஜிபிஎஸ்: கைப்பேசி மட்டும் போதுமா?

கேள்வி:
வணக்கம். வரும் ஜூலையில் ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்து, டல்ஹவுசி ஊற்றிலிருந்து பிரெஞ்சு லைன் தடம் வழியாகப் பேர்ட்ஸ்வில் வரை ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் செல்லவிருக்கிறோம். கைப்பேசிக் கோபுரமே இல்லாத அப்பகுதியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் வேலை செய்யுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாகச் சைகை பெறுவதால், கோபுரம் இல்லாவிட்டாலும் உங்கள் இருப்பிடத்தை ஜிபிஎஸ் காட்டும். ஆனால் முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால் வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் திரைதான் தெரியும். ஆகவே ஹேமா நிறுவனத்துடையவை போன்ற பாலைவனத் தட வரைபடங்களை வீட்டிலேயே இறக்கி, இணையத்தை முழுவதும் அணைத்துவிட்டு, வழியிலுள்ள பாப்பெல் கார்னர் என்ற எல்லைச் சந்திப்பு வரை பெரிதாக்கிப் பார்த்துச் சரிபாருங்கள். நகரச் சாலைகளுக்கான செயலிகளை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

மறுமொழி 2:
வண்டியின் முன்கண்ணாடியை ஒட்டி வெயிலில் மாட்டிய கைப்பேசி சூடேறித் தானாக அணைந்துவிடும் என்பதால், அதைக் குளிர்காற்று வரும் துவாரத்தருகே பொருத்துங்கள். கடந்து வந்த தடத்தையும் பதிவு செய்துகொண்டே வந்தால், மணல்மேடுகளுக்கிடையே வழி பிரிந்து குழம்பும்போது வந்த வழியே திரும்பலாம். காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம் வேண்டும்.

மறுமொழி 3:
மேட்டின் மறுபுறம் ஏறிவரும் வண்டியை ஜிபிஎஸ் காட்டாது, நண்பரே. மற்றவர்கள் கண்ணில் படும்படி வண்டியில் உயரமான கொடியைக் கட்டி, வண்டிகளுக்கிடையே பேச உதவும் யுஎச்எஃப் வானொலியை 10ஆம் அலைவரிசையில் வைத்திருங்கள். உதவிக்கு அழைக்கச் செயற்கைக்கோள் தொலைபேசியைத் தனியாக எடுத்துச் செல்லுங்கள்.