32 பேர் கொண்ட ஒரு படை

வேலூர் பட்டாளத்தான்:

ஆர்மீனியப் படைவீரர்களோடு நம் ஆட்கள் யாராவது பழகியிருக்கிறீர்களா? நான் பழகியிருக்கிறேன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2017-இல் ஐ.நா. அமைதிப்படைக்காக லெபனான் போன இந்திய பட்டாலியனில் நர்சிங் அசிஸ்டென்ட் நான். எங்கள் இடம் கிழக்கு செக்டாரில் இபில் எஸ் சாகி. மலை, ஆலிவ் தோப்பு, எலும்பைக் குடைகிற குளிர். 2000-இல் இஸ்ரேல் லெபனானை விட்டுப் பின்வாங்கியபோது ஐ.நா. வரைந்த நீலக்கோடு 120 கிலோமீட்டர் நீளம். அதை ஒட்டித்தான் எல்லோருக்கும் காவல். மேற்கே கடலோரம் இத்தாலிக்காரர்கள். அவர்களுடைய ஷாமா முகாமுக்குள்தான் ஆர்மீனியர்கள் இருந்தார்கள். மொத்தமே 30 சொச்சம் பேர். 2014 கடைசியிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறையாக ஆள் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள்.

எங்களிடம் 900 பேர். சொந்த லங்கர் (பட்டாளத்துச் சமையற்கூடம்), சொந்த வண்டி, சொந்தக் கோயில்கூட உண்டு. அவர்களுக்கு எல்லாமே இன்னொருவர் வீட்டில்தான். சோறு இத்தாலியச் சோறு, வைத்தியம் இத்தாலிய வைத்தியம். உத்தரவு இத்தாலியனில் பிறந்து, ஆங்கிலத்தில் நடந்து, ஆர்மீனியனில் போய்ச் சேரும். திட்டு மட்டும் ரஷ்யனில்.

ஐ.நா. படையின் நகூரா தலைமையகத்தில் ஒரு விளையாட்டு நாள். கயிறு இழுக்கும் போட்டி. நாங்கள் 900 பேரில் பொறுக்கி எடுத்த 8 பேர். அவர்கள் அன்றைக்குக் காவல் டியூட்டி இல்லாத 8 பேர். தோற்றது நாங்கள். அதைப் பற்றி எங்கள் சுபேதார் சாப் திரும்பி வரும் வழி முழுக்க வாய் திறக்கவில்லை.

ஜெயித்தவர்களில் ஒரு சார்ஜென்ட்டுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. முதலுதவிப் பெட்டியோடு பக்கத்தில் நின்றவன் நான்தான். பெட்டியில் இருந்த ஸ்ப்ரேயை அடித்தேன், கேட்கவில்லை. சரி என்று என் பையிலிருந்த அமிர்தாஞ்சனை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். அந்த ஆளுக்குக் கண்ணில் தண்ணீர். எந்த ஊர் மருந்து என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். இந்தியா. இந்தியாவில் எங்கே? சென்னை என்றேன், புரியவில்லை. மெட்ராஸ் என்றேன்.

"மெட்ராஸ்! அஸ்தரார்!" என்று கத்தினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் அவர்களுடைய லெப்டினன்ட் வந்து விளக்கினார். உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்'. 1794-இல் அச்சானது மெட்ராஸில். அவர்கள் ஊரில் பள்ளிக்கூடப் பாடம் அது. நானோ பாரிமுனையில் அந்தத் தெருவழியாக நூறு முறை போயிருப்பேன். ஆர்மீனியன் தெரு என்பது நம் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டதால் யாரோ ஜமீன்தார் இருந்த தெரு என்றே நினைத்திருந்தேன். லீவில் வந்தபோது அந்த 1772-ஆம் வருடத்துச் சர்ச்சுக்குள் போய்ப் பார்த்தேன். ஆறு மணிகள் தொங்குகின்றன. வாட்ச்மேனைத் தவிர ஆள் இல்லை.

அந்த சார்ஜென்ட் லெபனானில் தனியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெய்ரூட்டில் புர்ஜ் ஹம்மூத் என்று ஒரு பகுதி, கடைப் பலகையெல்லாம் ஆர்மீனிய எழுத்து. 1915-இல் துருக்கியின் ஒட்டோமான் ஆட்சியில் நடந்த ஆர்மீனியப் படுகொலையில் தப்பி வந்தவர்களின் பேரன் பேத்திகள். பாஸ்தா தின்று சலித்த பையன்களுக்கு லாவாஷ் ரொட்டியும் கறி பரப்பிச் சுட்ட லாமாஜூனும் அங்கிருந்துதான் வரும் என்றார். ஆனால் அவர்கள் பேசுவது மேற்கு ஆர்மீனியன், இவர் பேசுவது கிழக்கு. கேட்டால் எப்படி இருக்கும் என்றேன். "பாட்டி பேசுவது போல" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர் பேசுவதை மதுரைக்காரர் முதல் முறை கேட்கிற மாதிரி போல.

அதே நகூராவில் இலங்கை ராணுவக் கம்பெனி ஒன்றும் காவலுக்கு இருந்தது. நல்ல பையன்கள்தான், கைகொடுத்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அகதி முகாம். நான் அதிகம் பேசவில்லை. ஐ.நா. கடல் படையில் துருக்கிக் கப்பலும் இருந்ததால் ஆர்மீனிய லெப்டினன்ட்டுக்கும் இதே சங்கடம் இருந்திருக்கும். துருக்கி அவர்களுடனான எல்லையை 1993-இல் மூடியது. இங்கே இருவருக்கும் ஒரே நீலத் தொப்பி.

ராம்நாட்டுக்காரன்:

அண்ணே, நான் பட்டாளத்துக்காரன் இல்லை. பட்டாளத்துக்குப் பாத்திரம் கழுவினவன்.

2012. துபாய் என்று சொல்லி ஏஜென்ட் அனுப்பினான், இறங்கிப் பார்த்தால் ஆப்கானிஸ்தான். மஸார் இ ஷரீஃப் பக்கத்தில் மர்மல் முகாம். நேட்டோ கூட்டணிக்காக ஜெர்மன்காரர்கள் நடத்தியது. அவர்கள் நாட்டுக்கு வெளியே அதுதான் அவர்களுடைய மிகப் பெரிய முகாம். அதற்குள் நார்வே, ஸ்வீடன், மங்கோலியா, ஆர்மீனியா என்று ஒரு டஜனுக்கு மேல் கொடிகள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைப் பார்த்தே எந்த நாட்டுக்காரர் என்று நான் சொல்லிவிடுவேன். பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் மிச்சம் இல்லாமல் காலியாகி இருந்தால் அது ஆர்மீனியர் தட்டு.

2010-இல் குந்தூஸ் விமானத் தளத்தைக் காக்க முதலில் 40 பேர்தான் வந்தார்களாம். என் காலத்தில் மஸாரையும் சேர்த்து 120-க்கு மேல். ஜெர்மன் கட்டளைக்குக் கீழே காவல் வேலை. கோடையில் 45 டிகிரியில் கவசச் சட்டையோடு எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். சண்டைக்குப் போகிறவனைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், கேட்டில் நிற்கிறவனை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாத்திரம் கழுவுகிறவன் கவனிப்பான், ஏனென்றால் குப்பை வண்டியோடு தினமும் அந்த கேட்டைத் தாண்ட வேண்டியவன் அவன்தான்.

தினம் பார்த்துப் பார்த்து ஒருவர் பழக்கமானார். நாற்பது வயது இருக்கும். என்னை "அஹ்பெர்" என்பார், சகோதரன் என்று அர்த்தம். எந்தப் பெயரோடும் 'ஜான்' சேர்த்துக்கொள்வார்கள், நாம் அண்ணே, தம்பி போடுகிற மாதிரி. ஓய்வு நேரத்தில் குட்டிப் பித்தளைக் கரண்டி போன்ற ஒன்றில் காபி காய்ச்சுவார். பால் கிடையாது, வண்டலோடு. நான் வாய் சும்மா இருக்காமல் "துருக்கிக் காபியா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டு, குடித்த கோப்பையைக் கவிழ்த்து வண்டலில் ஜோசியம் பார்த்தார். எனக்குப் பயணம் இருக்கிறதாம். ஒப்பந்தம் முடிய பத்து நாள்தான் பாக்கி, இதை நம்ம ஊர்க் கிளியே சொல்லியிருக்கும்.

எனக்கு மறக்காதது வேறு. குப்பை வண்டி ஓட்டின கிழவர் ஆப்கானி. ஒரு நாள் கேட்டில் அந்தக் கிழவரும் இவரும் ரஷ்யனில் சரளமாகப் பேசிக்கொள்கிறார்கள். பின்னால்தான் விஷயம் தெரிந்தது. இவருடைய சித்தப்பா சோவியத் ராணுவத்தில் கட்டாயச் சேவைக்கு இதே நாட்டுக்கு வந்தவர். 1989 பிப்ரவரியில் மஸாருக்கு வடக்கே ஹைரதான் பாலம் வழியாகத்தான் ஊர் திரும்பினாராம். சித்தப்பா ஒரு பக்கத்து ஆள், இவர் எதிர்ப்பக்கத்து ஆட்களோடு. நடுவில் 23 வருடம். கிழவரிடம் என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன். 'அந்தக் காலத்தில் ரொட்டி மலிவு என்று கிழவர் சொன்னார்' என்றார்.

பழைய வரைபடம்:

வேலூர்க்காரருக்கு ஒரு சேதி. நீங்கள் ஆர்மீனியரோடு கயிறு இழுத்த இடத்துக்குத் தெற்கே, ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில், 1918 செப்டம்பர் 19 அன்று இந்தியச் சிப்பாய்களும் ஆர்மீனியச் சிப்பாய்களும் ஒரே ஜெனரலின் கீழ் ஒரே தாக்குதலில் இறங்கினார்கள். பாலஸ்தீனத்தில் துருக்கியருக்கு எதிராக ஆங்கிலேய ஜெனரல் ஆலன்பி நடத்திய போர். ஆர்மீனியர்கள் பிரெஞ்சுப் படையின் கிழக்கு லீஜியன் என்ற தொண்டர் பிரிவில் இருந்தார்கள், அராரா என்ற குன்றைப் பிடித்தார்கள். நான்கு நாள் கழித்து மைசூர், ஜோத்பூர் குதிரைப் படைகள் ஹைஃபாவைப் பிடித்தன. அந்த இரண்டாவது கதைக்கு மட்டும் டில்லியில் தீன்மூர்த்தியில் சிலை இருக்கிறது.

லீஜியனில் இருந்தவர்களில் பலர் மூஸா தாக் மலைக்காரர்கள். 1915-இல் நாடுகடத்தலுக்குப் பணியாமல் மலையேறிச் சண்டை போட்டு, பிரெஞ்சுக் கப்பல்களால் எகிப்துக்கு மீட்கப்பட்டவர்கள். சைப்ரஸில் பயிற்சி. இன்றைய தெற்குத் துருக்கியில் இருக்கும் கிலிக்கியாவில் அவர்களுக்கு ஒரு வீடு அமையும் என்ற நம்பிக்கையில்தான் சேர்ந்தார்கள். 1920-இல் லீஜியனைக் கலைத்தார்கள். 1921-இல் பிரான்ஸ் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுக் கிலிக்கியாவை விட்டு வந்தது. 1939-இல் மூஸா தாக் இருந்த பகுதியும் துருக்கிக்கே போனது. அங்கிருந்து கிளம்பியவர்கள்தான் லெபனானில் அஞ்சார் ஊரை உண்டாக்கினார்கள்.

யெரெவான் மாணவி:

நான் இங்கே ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் எம்பிபிஎஸ் கடைசி வருடம். மேலே படித்ததும் எழுத வேண்டும் போல இருந்தது.

2021-இல் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் பாஸ்போர்ட் கவுன்டர் பக்கம் ரஷ்ய எல்லைக் காவலர்கள் நின்றார்கள். யெரெவானா, மாஸ்கோவா என்று குழப்பமாக இருந்தது. 2024 ஆகஸ்ட் பிறந்தபோது அவர்கள் அங்கே இல்லை. நான் படித்து முடிப்பதற்குள் ஒரு நாட்டின் கூட்டாளி மாறிக்கொண்டிருந்ததை அந்தக் கவுன்டரிலேயே பார்த்தேன். கியூம்ரி நகரத்தில் ரஷ்ய ராணுவத் தளம் இன்னும் இருக்கிறது, அது வேறு கதை.

என் வகுப்புத் தோழியின் அண்ணன் அமைதிப்படை பிரிகேடில் இருப்பவர். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேட்டதைச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் கசகஸ்தானில் கலவரம். ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி ஆர்மீனியா சுமார் 100 பேரை உடனே அனுப்பியது. அதே வருடம் செப்டம்பரில் பக்கத்து நாடான அஜர்பைஜானின் படை ஆர்மீனியாவுக்குள் ஜெர்முக் பக்கம் அடித்தபோது, அதே ஒப்பந்தத்தைக் காட்டி இவர்கள் உதவி கேட்டார்கள். நிலவரம் அறிய ஒரு குழு வந்தது. படை வரவில்லை. இதைச் சொல்லும்போது அவர் கோபப்படவே இல்லை, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மாதான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் அவருக்கு 'ஈகிள் பார்ட்னர்' பயிற்சி. 2023 செப்டம்பர் 11 முதல் 20 வரை, 85 அமெரிக்கர்கள், 175 ஆர்மீனியர்கள், யெரெவானுக்கு வெளியே ஸார் பயிற்சித் தளத்திலும் நகரத்துப் பக்கம் இன்னொரு தளத்திலும். கன்ஸாஸ் மாநில தேசியக் காவல் படையோடு 2003-லிருந்தே உறவு இருப்பதால் அவருக்கு அமெரிக்கர்கள் புதிதில்லை. பயிற்சியின் நோக்கமே வெளிநாட்டு அமைதிப் பணிக்குத் தயார் செய்வதுதான். சோதனைச் சாவடி நடத்துவது, காயம்பட்டவரைத் தூக்குவது. 19-ஆம் தேதி, ஆர்மீனியர்கள் வாழ்ந்த கராபாக் மேல் அஜர்பைஜானின் தாக்குதல் தொடங்கிவிட்டது. பயிற்சி 20-ஆம் தேதி அட்டவணைப்படி முடிந்தது, அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். அடுத்த சில நாட்களில் அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேலான மக்கள் கோரிஸ் ஊர் வழியாக ஆர்மீனியாவுக்குள் வந்தார்கள். நாங்கள் மாணவர்கள் போர்வையும் குழந்தைத் துணியும் மூட்டை கட்டினோம். கடைசி நாள் பயிற்சி எப்படிப் போனது என்று பின்னால் அவரிடம் கேட்டேன். "கை பயிற்சி செய்தது, காது போனில் இருந்தது" என்றார்.

டாக்ஸி ஏறினால் இப்போது இந்தியா என்றதும் "பினாகா!" என்கிறார்கள். முதல் முறை யாரோ ஹிந்தி நடிகை என்று நினைத்துத் தலையாட்டினேன். ஊரில் அப்பாவிடம் கேட்டதும் சிரித்தார், ஆர்மீனியா வாங்குகிற நம்ம ராக்கெட் லாஞ்சராம். அன்றைக்கு அந்த ஓட்டுநர் பாதிக் காசுதான் வாங்கினார். ஐயா சொன்ன அஸ்தரார் விஷயத்தை அடுத்த டாக்ஸியில் சொல்லிப் பார்க்கிறேன், மீதிப் பாதியும் தள்ளுபடி ஆகலாம்.

வேலூர் பட்டாளத்தான்:

சொல்லிப் பாரும்மா, எங்கள் வீட்டம்மாவும் சிரிக்கிறார். நீ 2023-ஐச் சொன்னதும் எனக்கு 2020 ஞாபகம் வந்தது. செப்டம்பர் 27-இல் கராபாக்கில் சண்டை ஆரம்பித்த அன்றே சார்ஜென்ட்டுக்குப் பேஸ்புக்கில் செய்தி போட்டேன். 44 நாள் நடந்தது அந்தப் போர். பதில் இல்லை. அவருடைய படத்தில் நீலத் தொப்பி அப்படியே இருந்தது. அது ஒன்றையும் சொல்லாது, இறந்தவர் படமும் அப்படித்தான் இருக்கும். டிசம்பர் போனது, பொங்கல் போனது. நான் மறுபடி எழுதவில்லை, எழுத பயம்.

பிப்ரவரியில் ஒரு போட்டோ வந்தது. லெபனானில் நான் கொடுத்த அந்த மஞ்சள் டப்பா, மூடி திறந்து, அடியில் ஒன்றும் இல்லாமல், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பின் மேல். கீழே ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தை: "ஜான். காலி. அனுப்பு."

கொரியர்காரர் திரவம் என்று முதலில் வாங்க மறுத்தார். களிம்புதான் என்று திறந்து காட்டி, ஆறு டப்பா அனுப்பினேன்.