‘ப்ரோ சே’வுக்குத் தமிழ்: தன்வழக்காடி சரியா?

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பை வழக்கறிஞர் இல்லாமல் எதிர்ப்பவர்களுக்கான கையேட்டில் ‘ப்ரோ சே’ (வழக்கறிஞர் வைக்காமல் தன் வழக்கைத் தானே நடத்துபவர்) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் கீழே.

> ‘தானே வாதிடுபவர்’ போதாதா? எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் வாதிடுவது என்றதும் நீதிபதி முன் நின்று பேசுவதுதான் மனதில் வரும். வழக்கறிஞர் இல்லாத மேல்முறையீடுகளில் பெரும்பாலானவற்றை அங்கே எழுத்துவாதத்தைப் படித்தே முடித்துவிடுகிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலோ 2013 முதல் வாய்மொழியாக வாதிட வழக்கறிஞருக்கு மட்டுமே இடம் என்று விதியே எழுதிவிட்டார்கள். அப்புறம், ‘வாதி’ என்றால் வழக்குத் தொடுத்தவர். பிரதிவாதியும் ப்ரோ சே ஆகலாமே!

> ‘தன்வழக்கறிஞர்’?

வேண்டாம் ஐயா. தனக்குத் தானே வழக்கறிஞர் என்றால், அடுத்தவருக்கும் ஆகலாம் என்ற எண்ணம் வந்துவிடும். சொந்த வழக்கைத் தானே நடத்தும் உரிமை 1789 நீதித்துறைச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அது சொந்த வழக்குக்கு மட்டும். ஒருவர் தன் கம்பெனிக்காக இப்படிப் போய் நிற்க முடியாது. கம்பெனி வழக்கறிஞர் மூலமாகத்தான் வரவேண்டும்.

> ‘வழக்கறிஞரற்றவர்’?

இல்லாததை வைத்துப் பெயர் சூட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கறிஞர் ஒருவரே தன் சொந்த வழக்கை நடத்தினால் அவரும் ப்ரோ சேதான். அவரை எப்படி அழைப்பது?

என் பரிந்துரை ‘தன்வழக்காடி’. வழக்காடுவதில் மனு எழுதுவது, கெடுவுக்குள் தாக்கல் செய்வது, நீதிமன்றத்தில் நிற்பது எல்லாம் அடங்கும். நம்மூர் நீதிமன்றங்களில் ‘பார்ட்டி இன் பெர்சன்’ என்கிறோமே, அதற்கும் பொருந்தும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“உரிமையியல் வழக்கில் தன்வழக்காடியும் தீர்ப்பு பதிவான 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60 நாட்கள்.”

உறுத்தவில்லை.

இந்த வாக்கியத்தில் ‘மேல்முறையீட்டு மனு’ என்று யாரும் திருத்திவிடாதீர்கள். மனு என்றால் காரணங்களை அடுக்கி எழுதத் தொடங்கிவிடுவார்கள். இது யார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்த நீதிமன்றத்துக்குப் போகிறார் என்று மட்டும் சொல்லும் சின்னத் தாள். அதையும் தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றத்தின் எழுத்தரிடமே கொடுக்க வேண்டும். காரணங்களெல்லாம் பிறகு எழுத்துவாதத்தில் வரும். தாளின் பெயரைப் பார்த்துக் குழம்பி நாளைக் கடத்தினால் வழக்கே போய்விடும். 2007-இல் போல்ஸ் எதிர் ரசல் வழக்கில், முடிந்துபோன மேல்முறையீட்டுக் கெடுவை மீண்டும் திறக்கும்போது விதி 14 நாள் தர, நீதிபதி தவறுதலாக 17 நாள் கொடுத்தார். அதை நம்பி 14 நாளுக்குப் பிறகு தாக்கல் செய்தவரின் மேல்முறையீடு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நீதிபதியின் பிழைக்கே அங்கே மன்னிப்பு இல்லை!

இன்னொரு சொல்லும் வேண்டும். மேல்முறையீட்டுக்குப் போகாமல், தீர்ப்பளித்த நீதிமன்றத்திடமே மோசடி, புதிய சாட்சியம் போன்ற காரணங்களைக் காட்டி அந்தத் தீர்ப்பிலிருந்து விடுவிப்புக் கேட்கும் மனு அது; கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் 60(பி)-இன் கீழ் வருவது. ‘சீராய்வு மனு’ என்றால் நம் உச்ச நீதிமன்றச் செய்திகளோடு கலந்துவிடும். ‘தீர்ப்பு விடுவிப்பு மனு’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. சட்டம் படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்.