அவுட்டான படத்தைப் ப்ளர் என்று சொல்லாதீர்கள்

இருட்டறை:
கல்யாணப் படம் எடுக்கச் சொல்லித்தரும் ஒருவர் நேற்று ஒரு காணொளியில் சொல்கிறார்: “படம் தெளிவா இல்லன்னா ப்ளர். கேமரா ஆடினாலும் ப்ளர்தான், ஃபோக்கஸ் விட்டாலும் ப்ளர்தான்.” கேட்டதிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. முப்பது வருடம் ஸ்டூடியோவில் நின்றவன் நான். கேமரா ஆடினால் ஷேக், ஃபோக்கஸ் விட்டால் அவுட். பிரிண்ட் போடுகிற பையனுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். ப்ளர் என்பது அசைவுக்கு மட்டும் உரிய சொல். அவுட்டான படத்தைப் ப்ளர் என்பவர் நெகட்டிவைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

நெல்லை லென்ஸ்:
அண்ணாச்சி, அப்படியானால் 2019 போட்டியில் என் தாலிகட்டுப் படத்தை “ஷேக்” என்று ஒதுக்கினீர்களே, அது எந்தக் கணக்கில்? அந்தப் படம் ஃபோக்கஸ் விட்ட படம். மணப்பெண்ணின் முகத்துக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும் அட்சதை அரிசி ஒவ்வொன்றும் முனை தெரிய ஷார்ப்பாக இருக்கிறது. கேமரா ஆடியிருந்தால் அந்த அரிசியும் இழுபட்டிருக்காதா? படத்தை மறுபடி கீழே போட்டிருக்கிறேன். எல்லாரும் பாருங்கள்.

சொல்லாய்வு:
சண்டைக்கு முன்னால் அகராதியைப் பார்த்துவிடலாமே. ப்ளர் 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்த சொல், கேமராவுக்கு முந்தியது. ஈர மை மேல் விரல் பட்டால் இழுபடுமே, அந்தத் தீற்றல்தான் முதலில் ப்ளர். பிறகு ஒருவர் பேரில் விழும் கறைக்கும் அந்தச் சொல் வந்தது. அப்புறம்தான் விளிம்பு தெரியாத எல்லாவற்றுக்கும் போனது. ஷேக், அவுட் இரண்டும் அந்தப் பெரிய சொல்லுக்குள் அடங்கும். யார் சொன்னதும் தவறில்லை.

இருட்டறை:
அகராதி எழுதியவர் கல்யாண ஆல்பம் போட்டிருக்கிறாரா?

நெல்லைத் தம்பி, படத்தைத் திறந்து நூறு சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். பெண்ணின் இடது காது ஜிமிக்கி. அதன் கல்லில் பட்ட வெளிச்சம் ஒரு காற்புள்ளி மாதிரி சாய்ந்து இழுபட்டிருக்கிறது. ஃபோக்கஸ் விட்டால் ஒளிப்புள்ளி வட்டமாக விரியும். கேமரா ஆடினால் கோடாக இழுபடும். இது இழுபட்டிருக்கிறது. அட்சதை ஏன் ஷார்ப்பாக நிற்கிறது என்றால், நீங்கள் ஃப்ளாஷ் போட்டிருக்கிறீர்கள். அந்த வெளிச்சம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முன்னால் இருந்த அரிசியை அது பிடித்து நிறுத்திவிட்டது. பின்னால் இருந்த ஜிமிக்கியில் விழுந்தது வீடியோக்காரரின் விளக்கு. ஷட்டர் 1/15 நொடி வைத்திருப்பீர்கள். திறந்திருந்த அவ்வளவு நேரமும் உங்கள் கை ஆடியது ஜிமிக்கியில் பதிந்துவிட்டது. ஷேக்.

நெல்லை லென்ஸ்:
ஜிமிக்கி படத்தின் மேல்மூலையில் இருக்கிறது அண்ணாச்சி. எஃப் 1.8இல், அதாவது லென்ஸ் துளையை அகலத் திறந்து எடுத்தால் மூலையில் வரும் வட்டம் நசுங்கிப் பூனைக்கண் மாதிரிதான் வரும். லென்ஸின் உருளையே வெளிச்சத்தை ஓரத்தில் வெட்டிவிடுகிறது. இது உங்களுக்குத் தெரியாதா? அது காற்புள்ளி இல்லை, நசுங்கிய வட்டம். அட்சதையைப் பாருங்கள்.

இருட்டறை:
பூனைக்கண் எனக்குத் தெரியும். இடது மேல்மூலையில் அது ஒரு பக்கம் சாய்ந்தால், வலது மேல்மூலையில் எதிர்ப்பக்கம் சாய வேண்டும். உங்கள் படத்தில் வலதுபக்கப் பந்தலில் தொங்கும் சீரியல் பல்புகளும் ஜிமிக்கி சாய்ந்த அதே பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. மொத்தப் படமும் ஒரே திசையில் இழுபட்டால் அது கை செய்த வேலை. ஜிமிக்கியைப் பாருங்கள்.

நெல்லை லென்ஸ்:
சீரியல் பல்பு பெடஸ்டல் ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே நின்றவன் நான்.

தெம்பனிஸ்:
சிங்கப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் ப்ளர் என்றால் படமே இல்லை, ஆள். ஒன்றும் புரியாமல் முழிப்பவரைத்தான் ப்ளர் என்போம். “சோத்தோங் மாதிரி ப்ளர்” என்று மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் சொல்வார்கள். சோத்தோங் என்றால் கணவாய். 2016இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் இந்தப் பொருளைச் சேர்த்துக்கொண்டது. மேலே சொல்லாய்வு மைத்தீற்றல் என்றதும் மை கக்கும் கணவாய்தான் என் நினைவுக்கு வந்தது.

இருட்டறை:
இங்கே மீன்கடை விவகாரம் பேசவில்லை.

தெம்பனிஸ்:
ப்ளர் பற்றித்தானே பேசுகிறீர்கள்? ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனம் இருக்கும் நாட்டில் தினமும் புழங்கும் பொருள் உங்களுக்கு மீன்கடையா? பெரியவர் என்று பார்க்கிறேன்.

செய்தியறை:
செய்தி சேனலில் ஆறு வருடமாக எடிட்டிங் செய்கிறேன். எங்கள் அறையில் ப்ளர் என்றால் மறைப்பது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் “முகத்தை ப்ளர் பண்ணு” என்றுதான் முதல் கட்டளை வரும். அதில் அசைவும் இல்லை, ஃபோக்கஸும் இல்லை. இதையும் அவுட் என்பீர்களா ஐயா?

இருட்டறை:
நீங்கள் போடுவது பெரும்பாலும் மொசைக். சதுரம் சதுரமாக இருக்கும். அதை ப்ளர் என்பதே தவறு.

செய்தியறை:
மொசைக்கும் போடுவோம், காஸியன் ப்ளரும் போடுவோம். மென்பொருளில் அதன் பெயரே காஸியன் ப்ளர். காஸ் என்ற கணித மேதையின் வளைவை வைத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலப்பது. அதில் எந்தக் கேமரா ஆடியது என்று சொல்லுங்கள்.

இருட்டறை:
மென்பொருள்காரர்களை நம்பித்தானே சொல் இப்படிக் கெட்டது! அன்ஷார்ப் மாஸ்க் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அழுத்தினால் படம் ஷார்ப்பாகிறது. ஏன் அந்தப் பெயர் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? இருட்டறையில் நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே விளிம்பு மங்கின ஒரு பாசிட்டிவ் ஃபிலிம் எடுப்போம். அதை நெகட்டிவோடு சேர்த்துவைத்துப் பிரிண்ட் போட்டால் பெரிய வெளிச்ச வேறுபாடுகள் தணிந்துவிடும், விளிம்பு மட்டும் எழுந்து நிற்கும். அந்த மங்கின ஃபிலிம்தான் அன்ஷார்ப் மாஸ்க். இரண்டையும் இம்மி பிசகாமல் ஒட்டிவைக்க விரல் நடுங்கக்கூடாது. நான் செய்திருக்கிறேன். அந்த ஃபிலிமை நாங்கள் யாரும் ப்ளர் ஃபிலிம் என்று சொன்னதில்லை, அன்ஷார்ப் என்றோம். அந்தக் காலத்தில் சொல்லுக்கு மரியாதை இருந்தது.

நெல்லை லென்ஸ்:
இவ்வளவு பேசும் நீங்கள் அட்சதைக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

இருட்டறை:
சொல்லிவிட்டேன். ஃப்ளாஷ்.

சொல்லாய்வு:
தமிழில் மங்கல், கலங்கல் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. மங்கல் என்று பொதுவாக வைத்துக்கொண்டு அசைவு மங்கல், குவிய மங்கல் என்று பிரித்தால் எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம்.

நெல்லை லென்ஸ்:
கல்யாண வீட்டில் போய் “படம் மங்கலாக வந்திருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். பாக்கிப் பணம் வராது.

பொக்கே பிரியன்:
பின்னணி ப்ளரை பொக்கே என்று தனியாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? ஜப்பானியச் சொல்.

சொல்லாய்வு:
பொக்கே என்று நீட்டினால் பூங்கொத்து. ஜப்பானியத்தில் இரண்டும் குறில், பொக்கெ. மங்கிப்போவது என்ற வினையிலிருந்து வந்தது. வயதானவர்களுக்கு நினைவு மங்குவதையும் அதே சொல்லால் குறிப்பார்கள். ஆங்கிலக்காரர்கள் சரியாக உச்சரிக்கட்டும் என்று 1997இல் ஓர் அமெரிக்கப் புகைப்பட இதழின் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன் கடைசியில் ஒரு ‘எச்’ சேர்த்தார். நமக்கு அந்தத் தேவையே இல்லை. எகரம், ஒகரம் குறிலாகவே நம்மிடம் இருக்கின்றன. இருந்தும் நெடில் போட்டு எழுதுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

பொக்கே பிரியன்:
என் பெயரையும் மாற்றச் சொல்வீர்கள் போலிருக்கிறது. மாற்ற மாட்டேன்.

பொகவந்தலாவை:
அவுட் என்றால் பிழை என்று இருட்டறை ஐயா நினைப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. 1860களில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் எடுத்த முகங்களை, ஃபோக்கஸ் இல்லை என்று லண்டன் புகைப்படக்காரர்கள் குறை சொன்னார்கள். எது சரியான ஃபோக்கஸ் என்று தீர்மானிக்க யாருக்கு உரிமை என்று அந்த அம்மா கடிதத்தில் திருப்பிக் கேட்டார். 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் டிக்கோயாவில் காலமானார். கல்லறை எங்கட ஊர்த் தேவாலயத்தில் இருக்கிறது, சின்ன வயதில் அதன் பக்கத்தில் விளையாடியிருக்கிறேன். அவருடைய மங்கலைத்தான் இன்றைக்கு அருங்காட்சியகங்களில் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

இருட்டறை:
கேமரன் அம்மாவை மதிக்கிறேன். ஆனால் அவர் கண்ணாடித் தகட்டில் நிமிடக்கணக்கில் எக்ஸ்போஷர் கொடுத்தவர். அவ்வளவு நேரம் யார் அசையாமல் உட்காருவார்கள்? அதிலும் பாதி அசைவுதான். என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

இன்னொரு சாட்சியும் தருகிறேன். 1944 ஜூனில் நார்மண்டிக் கடற்கரையில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபா எடுத்த படம். தண்ணீரில் கிடக்கும் சிப்பாய், முகமே இழுபட்டிருக்கும். லைஃப் பத்திரிகை அதன் கீழே, காபா பரபரப்பில் கேமராவை அசைத்ததால் படம் ப்ளர் ஆனது என்று எழுதியது. அசைந்தது, அதனால் ப்ளர். 1944லேயே முடிந்த வழக்கு இது.

நெல்லை லென்ஸ்:
அதே காபா 1947இல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதியபோது ஃபோக்கஸ் கொஞ்சம் விலகியது என்றுதானே தலைப்பு வைத்தார்? படம் எடுத்தவரே ஃபோக்கஸ் என்கிறார். நீங்கள் அவருக்கும் பாடம் எடுப்பீர்களா?

இருட்டறை:
தலைப்பு வேறு, நெகட்டிவ் வேறு.

நெல்லை லென்ஸ்:
என் படத்துக்கும் அதைத்தான் சொல்கிறேன். நடுவர் குறிப்பு வேறு, நெகட்டிவ் வேறு. அன்றைக்கு நீங்கள் “ஷேக்” என்று ஒரே வார்த்தை எழுதியதால் அந்தப் படத்தை ஆல்பத்தில்கூட வைக்கவில்லை. தாலி முடிச்சு விழுந்த நொடிக்கு என்னிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். மறுபடி ஒருமுறை கட்டச் சொல்ல முடியுமா?

செய்தியறை:
நான் கேட்ட காஸியன் கேள்வி அப்படியே கிடக்கிறது.

தெம்பனிஸ்:
என் கணவாயும்.

இருட்டறை:
எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில். ஜிமிக்கி இழுபட்டிருக்கிறது, வட்டமாக இல்லை. சீரியல் பல்பும் அதே பக்கம் இழுபட்டிருக்கிறது. தம்பி, இங்கே போட்டிருப்பது சுருக்கிய ஜேபெக். தைரியம் இருந்தால் கேமரா பதிந்த மூலமான ரா ஃபைலைப் போடுங்கள். ஷட்டர் வேகம் அதிலேயே இருக்கும். அதுவரை அது ஷேக்தான்.

நெல்லை லென்ஸ்:
ரா ஃபைல் ஊர் வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. தைப்பொங்கலுக்குப் போகும்போது எடுத்து வருகிறேன். அதுவரை அட்சதையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.