அக்கரையில் கிடைத்த 12 டாலர் போர்பன்

2016இல் வேலைக்காக அமெரிக்காவில் சின்சினாட்டியில் இருந்தேன். ஊரை ஒட்டி ஒஹாயோ ஆறு ஓடுகிறது. பாலத்தைத் தாண்டினால் கோவிங்டன், அது கென்டக்கி மாநிலம். 1867இல் திறந்த பழைய தொங்குபாலம் ஒன்று உண்டு, நடந்தே போய்விடலாம். ஆபீஸில் ரிடையராகும் வயதில் ஒரு கென்டக்கிக்காரர் இருந்தார். "அக்கரைக்குப் போனால் ஹெவன் ஹில் வெள்ளை லேபிள், 6 வருஷம் என்று கேள். இந்தப் பக்கம் கிடைக்காது" என்றார். அவர் சொன்னது 6 வருஷம் பீப்பாயில் ஊறிய போர்பன், அதாவது மக்காச்சோளம் முக்கியமாகச் சேரும் அமெரிக்க விஸ்கி. கென்டக்கியைத் தவிர வேறெங்கும் அதை விற்கவில்லை.

கடையில் அது அடித்தட்டில் இருந்தது. குனிந்து எடுத்தேன். 750 மில்லி, விலை 12 டாலர் சொச்சம். நமக்குப் பழக்கம் வேறு அல்லவா, விலை குறைந்த சரக்கு என்றால் மறுநாள் தலை வெடிக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. அந்த பயத்திலேயே அன்றிரவு பாதிக்குப் பாதி கோலா ஊற்றிக் குடித்தேன். கோலா ருசிதான் வந்தது. போதாததற்குச் சீக்கிரம் தூக்கியும் விட்டது. ஊரில் குடித்ததெல்லாம் 42.8 சதவீதம் ஆல்கஹால், இது முழுசாக 50 என்பதை லேபிளில் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் முகம் சுண்டிவிட்டது. "ஐஸ் வேண்டாம், ஒரு ஸ்பூன் தண்ணீர் மட்டும் விடு. பத்து நிமிஷம் அப்படியே வை" என்றார்.

அப்படியே செய்தேன். முதலில் மூக்கைக் கொண்டுபோனால் ஸ்பிரிட் நெடி குத்தியது. வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்தபோது அது விலகி, வறுத்த வேர்க்கடலை வாசனை வந்தது. பின்னாலேயே வெல்லப்பாகு, அதுவும் பதம் தப்பி அடியில் லேசாகக் கருகிய பாகு. சத்தியமாகக் கடலைமிட்டாய்தான்! நாக்கில் இனிப்பு, விழுங்கியதும் நெஞ்சில் சுக்குக் காரம். இதில் கால் பங்கு கூட மர்மம் இல்லை. போர்பன் என்றால் தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். கருகும்போது மரத்திலிருக்கும் சர்க்கரை பாகாகிவிடுகிறது. நிறமும் அங்கிருந்து வருவதுதான், மேலே எதுவும் சேர்க்கக் கூடாது.

அப்புறம்தான் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று போட்டிருந்தது. கலப்படக்காரர்கள் ஆட்டம் போட்ட காலத்தில், 1897இல் வந்த சட்டம் அது. ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்த சரக்கு, அரசுக் கண்காணிப்புக் கிடங்கில் குறைந்தது 4 வருஷம், சரியாக 50 சதவீதம். எங்கே வடித்தது, எங்கே அடைத்தது என்றும் அச்சிட வேண்டும். இதில் வடித்தது டிஎஸ்பி-கேஒய்-1, அடைத்தது டிஎஸ்பி-கேஒய்-31. டிஎஸ்பி என்றதும் எனக்குப் போலீஸ் ஞாபகம்தான் வந்தது, அது வடிசாலைக்கு அரசு கொடுக்கும் எண். 1 லூயிவில்லில் இருக்கிறது, 31 பார்ட்ஸ்டவுனில். 1996 நவம்பரில் பார்ட்ஸ்டவுனில் பிடித்த தீயில் ஹெவன் ஹில் கம்பெனியின் வடிசாலையும் 7 கிடங்குகளும் சுமார் 90,000 பீப்பாய்களும் போயின. அதற்குப் பிறகு வடிப்பது மட்டும் லூயிவில்லுக்கு மாறியது. 12 டாலர் பாட்டிலில் இவ்வளவு ஜாதகம் எழுதியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டு வருஷம் மாதம் ஒரு முறை பாலம் ஏறினேன். ஸ்டாக் வைக்கத் தோன்றவே இல்லை, எப்போதும் இருக்கிற சரக்குதானே என்ற நினைப்பு. 2018இல் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷமே 7 வருஷச் சரக்காகத் திரும்பி வந்தது, வேறு மாநிலங்களுக்கும் போனது. விலை 40 டாலர் பக்கம். வாங்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. கடலை கொஞ்சம் அடங்கி மரம் தூக்கலாக வருகிறது. ஆனால் 12 டாலருக்குப் பழகிய கைக்கு அதைத் தாராளமாக ஊற்ற வரவில்லை. கடையிலும் இப்போது கண்ணுக்கு நேராக வைத்திருக்கிறார்கள்.

இப்போது வீட்டில் இருப்பது அதே கம்பெனியின் எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள். அதே சட்டம், அதே 50 சதவீதம், வயது மட்டும் குறைவு. கடலைமிட்டாய் வாசனை முக்கால்வாசி இருக்கிறது. நல்லவேளை, அதை எடுக்க இன்னும் குனியத்தான் வேண்டியிருக்கிறது.